நிழல் இல்லாத பாறை

தினமும் காலையில் அக்கா கைப்பேசியை மாவு டின்னின்மேல் சாய்த்து வைக்கிறார். திரையில் ஒரே ஒரு வரி: கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் எண். அதை உதடு அசையாமல் படிக்கிறார். பிறகு ஏப்ரனைக் கழுத்தில் மாட்டி, இடுப்பு நாடாக்களைப் பின்னால் கொண்டுபோய் ஒரே இழுப்பில் முடிச்சுப் போடுகிறார். சில காலைகளில் மட்டும் முடிச்சு விழுவதில்லை. நாடாவின் முனைகளை இரு கைகளிலும் பிடித்தபடி, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல நிற்பார். ஒரு நிமிடம், சில நாள் மூன்று நிமிடம். ஏதோ பிரார்த்தனை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், கொடியில் துணி காய்கிறதாக்கும், மழை வருமா என்று பார்க்கிறார் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

எங்களுடையது பல் கட்டும் லேப். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, வாயில்லாத ஈறுகளை வரிசையாகக் காயவைப்பது என் வேலை. உலோகம் உருக்கி வார்ப்பது வார்ப்பு அண்ணன். கடைசியில் எல்லாப் பல்லும் அக்காவிடம் வந்து சேரும். சீவுவதும் தேய்ப்பதும் மெருகேற்றுவதும் அவர். தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு மோதிர விரலால் பல்லின் விளிம்பைத் தடவுவார். "கண்ணு ஏமாத்தும் தம்பி. விரல் ஏமாத்தாது." மயிரிழை அளவு மேடு இருந்தாலும் அந்த விரல் நின்றுவிடும்.

லேப் இரண்டாவது மாடியில். அக்கா படியேறும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் ஏறுவார். கைப்பிடிக் கம்பிப் பக்கம் போகமாட்டார். அந்தப் பக்கம் கீழே தெரியும். ஸ்டூலில் ஏறமாட்டார். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நடக்கமாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தபின் அடுப்பை அணைத்தோமா என்று கணவருக்குப் போன் செய்வார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். "வண்டி ஓட்டுறப்ப எடுக்காதீங்க" என்று எடுத்தவரையே திட்டுவார். பயம் அவருக்கு உப்பு மாதிரி. எதில் போட்டாலும் ஒரு சிட்டிகை.

இப்படிப்பட்டவர்தான் மதிய இடைவேளையில் டிபன் டப்பாவை ஒதுக்கிவிட்டு, மடிக்கணினியில் உலகத்து மலைகளைச் சீவுகிறார்.

அது விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள். கம்பெனி எதுவும் இல்லை. பத்து இருபது நாட்டுக்காரர்கள் சம்பளம் இல்லாமல், அவரவர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தி அனுப்பலாம். இன்னொருவர் பார்த்து 'சரி' சொன்னால் சேர்ந்துவிடும். அதில் நிலத்தின் மேடுபள்ளமெல்லாம் வானத்திலிருந்து அளந்த அளவுகள். கோடிக்கணக்கான அளவுகளில் சில பொய். நடுக்கடலில் முந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஊசிபோல ஒன்று நிற்கும், நெல்வயலில் ஒரு கோபுரம் முளைத்திருக்கும். அவர்கள் அதை 'முள்' என்கிறார்கள். ஆறு வருடத்தில் அக்கா பிடுங்கிய முட்கள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

கணவர் ஒருநாள் பொழுதுபோகாமல் அதை வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தபோது கடலில் ஒரு முள்ளை அக்கா பார்த்தாராம். "ஒரு பல்லு தூக்கிட்டு நின்னா நாக்கு அங்கேயேதான போகும்? அது மாதிரி ரெண்டு நாள் தூக்கமில்ல. அதை எடுக்குறது எப்படின்னு தேட ஆரம்பிச்சதுதான்." அந்தக் குழுவில் அவருக்குப் பெயர் வெறும் 'பல்'. ஆண் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அங்க எல்லாருக்கும் நான் ப்ரோ. இருந்துட்டுப் போறேன், என்ன குறைஞ்சு போச்சு?"

விமானத்தை மட்டும் அவர் ஓட்டுவதில்லை. திரையில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மேசையைப் பிடித்துக்கொள்கிறார்.

"பைலட்டம்மா, இன்னிக்கு ஃப்ளைட்டு எத்தனை மணிக்கு? போறப்ப அந்த ஸ்டூல்ல ஏறி மெழுகு டப்பாவை எடுத்துக் குடுத்துட்டுப் போங்க" என்பார் வார்ப்பு அண்ணன்.

"உன் வாய்க்கு எட்டுப் பல்லு குறைச்சுத்தான்டா கட்டணும்."

நான் பக்கத்து மேசையில் கவிதைப் புத்தகத்தை விரித்திருப்பேன். படிப்பதைவிட அவரைப் பார்ப்பதுதான் அதிகம். "என்ன கவிஞரே, பக்கத்துக்கு நாலு வரிதான் இருக்கு. மிச்ச இடத்தையெல்லாம் யாரு வந்து எழுதுவா?" என்பார். நான் பக்கத்தைத் திருப்புவேன். திருப்புவேன் என்று தெரிந்துதான் கேட்பார்.

முள்ளைப் பிடுங்குமுன் அவர் ஒன்று செய்வார். அந்த இடத்தின் வான்படத்தைத் திறந்து நிழலைத் தேடுவார். நிஜப் பாறைக்கும் நிஜக் கோபுரத்துக்கும் தரையில் நிழல் விழுந்திருக்கும். அளவில் நேர்ந்த பிழைக்கு நிழல் கிடையாது. "நிழல் இல்லையா, பொய். அவ்ளோதான்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் பயம் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கேட்டு, இந்த ஓரிடத்திலாவது அக்கா உறுதியாகக் கால் ஊன்றி நிற்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு புதன்கிழமை. சாப்பிட்டுக் கை கழுவிவந்து குழுவின் பக்கத்தைத் திறந்தவர், திறந்த கை அப்படியே நிற்க, "தம்பி, இங்க வா" என்றார். எனக்குத் தெரிந்த குரல் இல்லை அது.

'ஈர இறகு' என்ற பெயரில் ஒருவன் எழுதியிருந்தான். எங்கோ தொலைவில், விமானம் ஓட்டப் படிக்கிறவன். இன்று முதன்முறையாகத் தனியாக, ஆசிரியர் இல்லாமல், மலைக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஓடுதளத்துக்குப் போகிறானாம். பயத்தில் உங்கள் மென்பொருளில் முப்பத்தொரு முறை அங்கே இறங்கிப் பழகியிருக்கிறேன், கிழக்கு மலைமேல் முன்பு முள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது, அதை எடுத்த புண்ணியவான் யாரோ, நன்றி, இப்போது கிழக்கிலிருந்து வழி வழவழவென்று இருக்கிறது, இன்று கொஞ்சம் புகைமூட்டம்தான், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டும் இறங்கிவிடுவேன் என்று முடித்திருந்தான். எழுதி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றார் அக்கா. "அன்னிக்கு ஒரே உட்காருல அம்பது எடுத்தேன். இதுக்கும் நிழல் இல்ல. நல்லா ஞாபகம் இருக்கு, இல்லவே இல்ல."

"அப்புறம் என்னக்கா?"

"இந்தப் படம் எப்ப எடுத்தது பாரு."

படத்தின் மூலையில் நேரம் இருந்தது. உச்சிப்பொழுது. மரங்களுக்கும் நிழல் இல்லை. கொட்டகைக்கும் இல்லை. சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும்போது எதற்குத்தான் நிழல் விழும்? அக்கா அதே இடத்தின் வேறொரு படத்தைத் தேடித் திறந்தார். காலையில் எடுத்தது. மலை உச்சியிலிருந்து புதர்களின் குறுக்கே, நீளமாக, மெலிதாக, யாரையோ சுட்டுவதுபோல ஒரு நிழல் கிடந்தது.

பாறை. அறுபது மீட்டர்.

வார்ப்பு அண்ணன் எட்டிப் பார்த்தார். "அட, நிஜ மேப்புல எல்லாம் போட்டிருப்பானுங்க பைலட்டம்மா. உங்க பொம்மை விளையாட்டை நம்பியா ஒருத்தன் ஏரோப்ளேன் ஓட்டுவான்?"

"மேப்புல இருக்கும்டா. படிச்சும் இருப்பான்." அக்கா அவரைப் பார்க்கவில்லை. "முப்பத்தொரு தடவை பழகுன கை மேப்பைப் பார்த்துட்டா செய்யும்? புகையா வேற இருக்குங்கிறான்."

வார்ப்பு அண்ணன் போய்ப் பல் தேய்க்கும் கிரைண்டரை அணைத்தார்.

அக்கா அவனுக்குப் பதில் எழுதினார். கிழக்கு மலையில் பாறை இருக்கிறது, உயரம் வைத்துக்கொள். எழுதி அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்தார். வானத்தில் இருப்பவன் இதை எங்கே பார்க்கப்போகிறான்? இரண்டு நிமிடம் கழித்து அந்த ஓடுதளத்தின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்தார். லேப் தொலைபேசியில் அழுத்தினார். மணி போகத் தொடங்கியதும் ரிசீவரை என் கையில் திணித்தார். "நீ பேசுப்பா. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு."

தெரிந்தவர்களோடு பேசவே எனக்குத் தொலைபேசி ஆகாது. பதினான்கு மணி எண்ணினேன். பதினைந்தாவதில் ஒருவர் எடுத்தார். அரைகுறை ஆங்கிலத்தில், இன்று ஒரு மாணவன் தனியாக அங்கே வருகிறானா என்று கேட்டேன். வருகிறானே, சத்தம்கூடக் கேட்கிறது, இரு, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். பாறையைப் பற்றி நான் வாயெடுப்பதற்குள் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்பீக்கரைப் போட்டோம். நாற்காலி நகரும் ஒலி. கதவு. பிறகு காற்று, ஒரு துணியை உதறிக்கொண்டே இருப்பதுபோல. அதற்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில், ஒரு சின்ன இயந்திரம். அது பெரிதானது. சுருதி மாறியது. மறுபடி சிறிதானது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு மோதிர விரலை மேசை விளிம்பில் வைத்திருந்தார். விரல் நகரவில்லை. காய்ந்துகொண்டிருந்த மாவு ஈறுகள் எல்லாம் வாயைத் திறந்து எங்களைப் பார்த்தன. சத்தம் திடீரென்று நின்றது.

வார்ப்பு அண்ணன் ஒருமுறை எச்சில் விழுங்கினார். அது எனக்குக் கேட்டது.

கதவு. காலடி. "இறங்கிவிட்டான்" என்றார் அந்த மனிதர். "நல்லபடியாகத்தான். ஆமாம், நீங்கள் யார்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். யார் என்று சொல்வது?

"பல் கட்டும் லேப்பிலிருந்து" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன்.

வார்ப்பு அண்ணன்தான் முதலில் சிரித்தார். "அந்தாளு இன்னிக்கெல்லாம் கண்ணாடியில பல்லைப் பார்த்துக்கிட்டு இருப்பாரு!" நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. உட்கார்ந்து அந்தப் பாறையைப் பழைய இடத்தில் பழைய உயரத்துக்கு நட்டார். காரணம் எழுதும் கட்டத்தில், 'பாறை உண்மை, பிழை என்னுடையது' என்று எழுதினார். சரிபார்ப்பவன் உடனே பதில் போட்டான். அன்று நீங்கள் அனுப்பியதைப் பார்க்காமலே 'சரி' சொல்லிவிட்டேன் ப்ரோ, நீங்கள் தப்பே செய்யமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

"பாறை இல்லாத பழைய படத்தை இறக்கி வெச்சிருக்கவங்க என்ன பண்ணுவாங்க? ஆறு மாசமா வெளிய இருந்திருக்கே" என்று அக்கா கேட்டு எழுதினார். மெதுவாகப் புதுப்பித்துக்கொள்வார்கள், கட்டாயப்படுத்த முடியாது என்று வந்தது. எத்தனை பேர்? தெரியாது. யார் யார்? தெரியாது.

சாயங்காலம் ஈர இறகும் எழுதினான். இறங்கிவிட்டேன், எல்லாருக்கும் நன்றி. அக்கா அதற்குப் பதில் போடவில்லை.

அதற்குப்பின் எட்டு மாதம் அவர் புதிய முள் எதையும் தொடவில்லை. பழையதை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தெந்தப் படம் உச்சிப்பொழுதில் எடுத்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. எல்லாவற்றுக்கும் காலைப் படமோ மாலைப் படமோ தேடினார். "அதுல வேற ஏதாவது நிஜமா இருந்துதாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். கிரைண்டரைப் போட்டார். கேட்காததுபோல ஒரு கடைவாய்ப்பல்லைத் தேய்க்கத் தொடங்கினார். பிறகு நான் கேட்கவில்லை.

சமீபத்தில் அந்த மென்பொருளின் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார். "சும்மா நாலு வரியா படிச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு, நாப்பது பக்கம் எழுதேன் கவிஞரே." ஒரு அத்தியாயம், விமானம் எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகவே இறங்கும் என்பதைப் பற்றி. மேற்கிலிருந்து காற்றடித்தால் கிழக்கிலிருந்து வந்து இறங்கவேண்டும். கிழக்கிலிருந்து அடித்தால் மேற்கிலிருந்து. அடுத்த அத்தியாயம், ஓடுதளங்கள் வெளியிடும் ஒற்றை வரி வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி என்று. முதல் நான்கு எழுத்து ஓடுதளத்தின் குறி. பிறகு நாளும் மணியும். அதற்கடுத்த மூன்று எண், காற்று வரும் திசை.

மாவு டின்மேல் சாய்ந்திருக்கும் வரியை அதற்குப் பின்தான் என்னால் படிக்க முடிந்தது. நான்கு எழுத்தும் அந்த மலை ஓடுதளத்தினுடையவை. பழைய அறிக்கைகளையும் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் புதன்கிழமையைத் தேடி எடுத்தேன். அந்தப் பருவத்தில் அங்கே மேற்குக் காற்றுதான் அடிக்கும். அன்று, அவன் போய்ச் சேருவதற்கு இருபது நிமிடம் முன்னால், காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து அடித்திருக்கிறது. அவன் பழகாத மேற்குப் பக்கமாக வந்து இறங்கியிருக்கிறான். பாறையின் பக்கம் அவன் வரவே இல்லை.

அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது; அந்த வரி மாவு டின்மேல் வந்ததே அதற்குப் பின்தான்.

இன்று காலை அங்கே மேற்குக் காற்று. இறங்குகிறவர்கள் கிழக்கு மலையைத் தாண்டித்தான் வரவேண்டும். மாவில் காற்றுக்குமிழி போக்கும் அதிர்வு மேசையின் ஸ்விட்சில் கை வைத்தவன் போடாமல் காத்திருந்தேன். அக்கா நாடாவின் இரு முனைகளையும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.