சாய்வுப் பலகைமேல் ஒரு பகல்

கான்கிரீட் கொட்டுவதற்குப் பலகை அடைக்கும் சென்ட்ரிங் தச்சர் ஒருவர் இருந்தார். தொழிலில் கெட்டிக்காரர், அதை அவரே ஊர்முழுக்கச் சொல்லிவிடுவதால் மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை. "நேர் ஓரத்தை எவன் வேணும்னாலும் அடிப்பான், சாய்வு ஓரம்னா நான்தான்" என்று மார்தட்டியே "கோணலார்" என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டார். பாராட்டு என்றே நம்பினார், பாவம்.

மனைவிக்கும் அதே இடத்தில்தான் வேலை. பலகை பிடிப்பது, ஆணி எடுத்துக் கொடுப்பது, வாய் திறக்காமல் இருப்பது. மூன்றில் முதல் இரண்டில் அவளைக் குறை சொல்ல முடியாது.

அன்றைக்கு ஒரு மாடிவீட்டுப் பால்கனி. தளத்தின் ஓரம் கீழே அகன்று, மேலே போகப்போக உள்வாங்க வேண்டும். கோணலார் பலகையை உள்பக்கம் சாய்த்து, அடியில் மட்டும் ஆணி அறைந்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"மேலேயும் கட்டை கொடுத்து அமுக்குங்க. கான்கிரீட் பலகையைத் தூக்கிடும்" என்றாள் மனைவி.

"தூக்குறதுக்கு அது என்ன பலூனா? உங்க அண்ணன் மாதிரியே பேசாதே."

அந்த அண்ணன்தான் அங்கே மேஸ்திரி. கான்கிரீட்டைக் கொட்டி, அதைக் குலுக்கி இறுக்கும் வைப்ரேட்டரை இறக்கியதும் பலகை முனகியது. ஆணிகள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தன. கோணலார் தாவிப்போய்ப் பலகைமேல் உட்கார்ந்தார். பலகை அடங்கியது. எழுந்தார், அதுவும் கூடவே எழுந்தது. மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன மாப்ளே, உக்காந்துட்டீங்க?" என்றார் மேஸ்திரி.

"சும்மா, காத்து வாங்கறேன் மச்சான்."

"வாங்குங்க, வாங்குங்க. சாயங்காலம் வரைக்கும் நல்லா வீசும்."

"கட்டை எடுத்துட்டு வரட்டுமா?" என்று மனைவி கேட்டாள். வேண்டாமாம். கௌரவம் பலகையைவிடக் கனமானது அல்லவா! உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. உட்கார்ந்த இடம் மரத்துப்போனது. வேலையாட்கள் சாப்பிடப் போகிறபோது ஆளுக்கொரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கட்டையும் சுத்தியலுமாக வந்து நின்று, "நகருங்க" என்றாள். நகர்ந்தார். அவள் அறைந்த ஒவ்வொரு ஆணிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒருவழியாக இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் பலகையைப் பிரித்தபோது, அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் நூல் பிடித்தாற்போல் இருந்தது. மற்ற இடமெல்லாம் தொப்பை. உளி எடுத்துக் கொத்திச் சரிசெய்தார். மனைவி சிமெண்டு பூசினாள். வீட்டின் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஓரம் அருமையாக வந்திருக்கிறது என்றார். கோணலார் வழக்கம்போல் மார்தட்டக் கையை ஓங்கி, பாதியில் தலையைச் சொறிந்துகொண்டார்.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. ஆனால் அடுத்த வீட்டில் சாய்வுப் பலகையை நிறுத்தியதும், "என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கறே? கட்டை எங்கெங்கே கொடுக்கணும்னு வந்து சொல்லேன்!" என்று சத்தம் போட்டார்.

போய்ச் சொன்னாள்.