டார்கெட்: சுதன்

பொக்கெட்டில பேப்பர் வச்சுக்கொண்டு திரியிற ஆக்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கோ.

லண்டனில இருக்கிற என்ர மச்சான் சுதன், ஒராள் மட்டும் இருந்து ஓட்டுற ரேஸ் கார் போட்டியில, ஜூனியர் சீரிஸ் ஒண்டில சேந்திட்டானெண்டு ஃபோட்டோ அனுப்பினவன். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. அவன்ர சீரிஸ்தான் ஆகக் கீழ எண்டு காட்ட, மூண்டு ஜூனியர் சீரிஸை ஒப்பிட்டு இங்கிலீஷில எழுதினன். ட்ரைவர் ஒராள், பெற்றோல் டாங்க், ஸ்பீட், ட்ராக் படம், எல்லாம் போட்டன். அவனை மட்டந்தட்டத்தானே எழுதினது, அடியில 'டார்கெட்: சுதன்'.

அந்தப் பேப்பரைப் பொக்கெட்டில வச்சுக்கொண்டு, இந்தச் சண்டை நேரத்தில கொழும்பு வெள்ளவத்தை செக்பொயின்டில மாட்டினன், மடையன்! ஆமிக்காரன் வாசிச்சிட்டு, "ட்ரைவர் ஒராள், டாங்க், டார்கெட். எங்க அடிக்கப் போறாய்?" எண்டு சிங்களத்தில கேட்டான்.

"ரேஸ் கார், சேர்! சுதன் என்ர மச்சான்!" எண்டன். ஜீப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

நல்ல காலம், ஜீப்பில இருந்த ஒஃபிசர் ரேஸ் பைத்தியம். பேப்பரைப் பாத்துச் சிரிச்சார். "தம்பி, இதில மச்சான்ர சீரிஸ்தான் திறம். நீ பிழையாப் போட்டிருக்கிறாய். வீட்ட போ."

தப்பினதுக்குச் சிரிக்கிறதா, அவன்ர சீரிஸ் திறமெண்டதுக்கு அழுறதா? இப்ப வெளிய போகேக்க பொக்கெட்டில ஐடென்டிட்டி கார்ட் மட்டும்தான். ஒப்பிடுறதெல்லாம் மண்டைக்குள்ள. அங்க சுதன் இன்னும் கடைசிதான்.