வரேன் என்றால் போறேன்

பேருந்துப் பணிமனையில் அவனுக்கு 'இன்னொருதரம்' என்று பெயர். பிரேக் பார்ப்பது அவன் வேலை. பார்த்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு நாலடி போனவன் திரும்பி வருவான். "இன்னொரு தரம் பாத்துடறேன்." டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் மலைப்பாதைக்குப் போகிற வண்டி என்றால் அவனைத்தான் தேடுவார்கள். பயமும் சோறு போடும் என்பதை அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பயம் தவழ்கிற வயதிலேயே ஒட்டிக்கொண்டது. தையல் ஆலைக்குப் போகும் அம்மா, பிள்ளை அழுமே என்று அவன் கண்ணில் படாமல் நழுவிவிடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, வயிற்றுப்பாடு. ஆனால் விளையாட்டிலிருந்து நிமிர்ந்தால் அம்மா இல்லை என்பது ஒரு பிள்ளைக்கு லேசான விஷயமா? பள்ளியில் தெரிந்த விடைக்கும் கை தூக்கமாட்டான், தப்பாகிவிட்டால்? என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் தலையைச் சொறிந்தான். பிரேக் வேலை கைக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான். கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணிடமும் "நிஜமாவே சம்மதமா?" என்று ஓயாமல் நச்சரித்தான். "இனிமே கேட்டீங்கன்னா இல்லைன்னுடுவேன்" என்று அவள் மிரட்டித்தான் கல்யாணமே நடந்தது.

இப்போது மகளுக்கு இரண்டரை வயது. மனைவிக்குக் காலை ஷிப்ட் என்பதால், முதல் நாள் குழந்தைகள் காப்பகத்தில் விடும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. தன் பயம் இந்தப் பிஞ்சுக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? வழியெல்லாம் இதே கவலைதான் அவனை அரித்தது.

காப்பகத்து அக்கா அனுபவசாலி. குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் பொம்மை காட்டறேன். பாப்பா அந்தப் பக்கம் திரும்பினதும் நைசா கிளம்பிடுங்க."

அம்மா நழுவிப்போனதுதான் அவனுக்கு நினைவு வந்தது. "வேணாங்க. சொல்லிட்டே போறேன்."

மகள் எதிரில் மண்டியிட்டான். "அப்பா வரேன்மா."

அவள் முகம் மலர்ந்தது. பாயில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். "வா. இங்க உக்காரு."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளம்பும்போது வரேன் என்பதுதான் பெரியவர்கள் வழக்கம். போறேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. குழந்தைக்கு அந்த வித்தையெல்லாம் தெரியுமா? வரேன் என்றால் அவளுக்கு வருவதுதான்.

மாற்றிச் சொன்னான். "அப்பா போறேன்மா. வேலைக்குப் போறேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவேன்."

அவள் வீறிட்டாள். சட்டையைப் பற்றிய விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அவள் பார்க்கப் பார்க்கவே நடந்தான். தெருவுக்கு வந்தும் கால் நகரவில்லை. உள்ளே அழுகை விம்மலாகி, விம்மல் ஓய்ந்தது.

ஓய்ந்ததும்தான் அவன் பதறிப்போனான். ஜன்னலருகே ஓடினான். "சத்தத்தையே காணோமே, என்ன ஆச்சு?"

"விளையாடறா" என்றாள் அக்கா. அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இளகியது. "அழுது முடிச்சுட்டா தம்பி. நீங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு வேலைக்குப் போங்க."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. அந்தப் பயம் அவளிடம் போகவில்லை, அவனிடமேதான் இருந்தது. அவனில்லாமலே அவள் விளையாடுவது வலித்தது, ஆனாலும் நிம்மதியாக இருந்தது.