டீச்சரம்மா வைத்த குடல் குழம்பு

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு கேட்டில் வந்து தொங்கும். லாஸ்பேட்டையில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு கோழிக்கடையில் மாமா வேலை பார்த்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. காலை வியாபாரம் ஓய்ந்ததும் ஈரல், இரைப்பை, குடல் எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பையில் போட்டு எடுத்துவந்து கேட்டில் மாட்டுவார். சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போயே போய்விடுவார். உள்ளே வரமாட்டார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். மணிச் சத்தம் கேட்டதுமே அப்பாவின் முகத்துக்கு நேரே பேப்பர் உயரும். பையை மாட்டியது யாரென்று அவருக்குத் தெரியாதாம். குழம்பை மட்டும் மறுசோற்றுக்கும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

இத்தனைக்கும் காரணம் என் காது. ஐந்து வயதில் எனக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். தவளக்குப்பத்திலிருந்து சீர்த்தட்டோடு மாமா ஏறிய பஸ் அன்றைக்கென்று பார்த்து வழியில் படுத்துவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா என்னைத் தன் அண்ணன் மடியில் உட்காரவைத்துவிட்டார். மாமா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது ஆசாரி வேலையை முடித்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். வாங்கிவந்த தோட்டை மாமா அம்மாவின் கையில் கொடுத்தார்.

"இனிமே இந்த வூட்ல கை நனைக்க மாட்டேன்க்கா."

"இங்க யாரும் அதுக்கு அழுவுல" என்றார் அப்பா.

கை நனைக்கமாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அது லேசில் தீராது. கூடப் பிறந்தவள் கூப்பிட்டால் செல்லாது. வீட்டு ஆண்பிள்ளை நேரில் போய்க் கையைப் பிடித்து, "வா மச்சான், சாப்பிடு" என்று அழைக்கவேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா வருஷக்கணக்கில் காத்திருந்தாள். அப்பாவா சொல்வார்? வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஒரு காலேஜில் வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்தார். பழைய உத்தியோகத்திலிருந்து அவர் கையோடு கொண்டுவந்தது வீம்பு ஒன்றுதான். மாமாவுக்கும் அதில் குறைச்சல் இல்லை.

நான் நாலாவது படித்த வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கீரை பறிக்க இழுத்துக்கொண்டு போனாள். ஏர்போர்ட் சுவரை ஒட்டிய காலி மனைகளில் குப்பைக்கீரையும் சாரணையும் முழங்கால் உயரத்துக்கு மண்டிக்கிடந்தன. என் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் அப்பாவின் ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போனாள். நான் சட்டென்று குனிந்துகொண்டேன்.

"கீர பறிக்கிறதுக்கு இன்னாடி வெக்கம்? திருடுறமா?" என்ற அம்மா, கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "உம்மாமனும் நானும் வரப்பு வரப்பா பறிப்போம். களியில குழி பறிச்சி நடுவுல ஊத்தணும் அவனுக்கு. இல்லன்னா தொடமாட்டான். எங்கையால ஒரு வாய் அவன் துன்னு பாத்துடணும்டி."

அன்றைய சமையலைப் பார்த்திருக்கவேண்டும். குடலை பிளேடால் நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அலசினாள். குழாயில் தண்ணீர் நின்றுபோனது. பக்கத்து வீட்டில் ஒரு குடம் வாங்கிவந்து மறுபடி அலசினாள். சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, ஈரலைத் தவிர மற்றதெல்லாம் போட்டு வேகவிட்டாள். குழம்புத்தூளும் புளியும் கொதித்த பிறகு ஈரலையும், கைகொள்ளாத கீரையையும் போட்டாள். மலைபோல இருந்த கீரை சட்டிக்குள் போய் ஒன்றுமில்லாமல் அடங்கியது. கடைசியில் சோம்பும் தேங்காயும் அரைத்து ஊற்றினாள். ஈரல் துண்டுகளையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிக் கேரியரின் கீழ்த் தட்டில் போட்டு, குடலோடு குழம்பை அதன்மேல் ஊற்றி, மேல் தட்டில் கேழ்வரகுக் களியை உருட்டி வைத்தாள்.

"மாமாகிட்ட, பக்கத்து வூட்டு டீச்சரம்மா குடுத்தாங்கன்னு சொல்லு. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது. யார் கேட்டாலும் வாயத் தொறக்காத, இன்னா?"

டீச்சரம்மா சுத்த சைவம். நாங்கள் முட்டை பொரித்தாலே அவர்கள் வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். இது எனக்கே தெரியும்போது அம்மாவுக்குத் தெரியாதா? எனக்கு அன்று அது தோன்றவே இல்லை. ஒப்புவித்தலில் பரிசு வாங்கியவள் நான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாமா மூடியைத் திறந்தார். ஆவியோடு வாசனை வந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மாவா வெச்சாங்க?"

"ஆமா மாமா."

"கொடலு?"

"ஆமா."

"அவங்களே கீறி, அலசி?"

"ஆமா மாமா."

கடை முதலாளி சிரித்தேவிட்டார். மாமா சிரிக்கவில்லை. கடைக்குப் பின்னால் போய்க் காலிக் கூண்டின் மேல் உட்கார்ந்து, களியில் கட்டைவிரலால் குழி பறித்து, குழம்பை ஊற்றிக்கொண்டார். தலை நிமிராமல் சாப்பிட்டார். கடைசிச் சொட்டுவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, குழாயடியில் உட்கார்ந்து கேரியரைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"உங்கப்பா வூட்லதான் கீறாரா?"

"கீறாரு."

"ஏதாச்சும் சொல்லி அனுப்சாரா பாப்பா?"

கேட்டவர் என் பக்கம் திரும்பவில்லை. நானா மாட்டிக்கொள்வேன்? "அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது மாமா" என்றேன் கணீரென்று.

மாமா தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தார். பிறகு, "டீச்சரம்மாகிட்ட சொல்லு, புளி சரியா இருந்துச்சின்னு" என்று கேரியரைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். குழி பறித்தாரா, குழி பறித்தாரா என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புளியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்கா இந்தப் பாடு என்று எனக்கு இருந்தது. அப்பா என்ன சொன்னார் என்று மாமா விசாரித்ததை நான் சொல்லவில்லை. அதைப் போய் யார் கேட்டார்கள்?

மாமா கடைசிவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தார். மாமன் சீரெல்லாம் குறைவில்லாமல் செய்தார். பந்தி போடுவதற்குள் பஸ் ஏறிவிட்டார். அப்பா வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார். இப்போது இரண்டு பேருமே இல்லை. அம்மாவிடம் நான் இன்றுவரை முழுதாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான்.

அன்று மத்தியானம் அப்பா தட்டில் ஈரல் ஒரு துண்டுகூட விழவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சாயங்காலம் நான் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அன்று லீவு. லீவு நாளில் கைலியும் துண்டுமாகத்தான் கிடப்பார். ஆனால் தலை வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தது. சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாமன் என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?"

"நான் மாமா கடைக்குப் போவவே இல்லியே" என்றேன்.

"சரி, எழுது" என்றார். செருப்பை உதறிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். வெளியே கிளம்பியவர் ஏன் படுத்துவிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. நேரே சமையற்கட்டுக்கு ஓடி, அப்பாவே கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை என்று பெருமையடித்துக்கொண்டேன். கெட்டிக்காரி என்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். சட்டியைத் துழாவி, தப்பிக் கிடந்த ஒரே ஒரு ஈரல் துண்டை எடுத்து என் வாயில் போட்டாள்.