இட்லித் தட்டில் ஈயக் குண்டு

எங்கள் வீட்டில் துப்பாக்கி என்னுடையது, குண்டு அவருடையது. கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு பாகப்பிரிவினை நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். பத்து மீட்டர் தள்ளி இருக்கிற வட்டத்தைச் சுடும் ஏர் ரைஃபிள்தான். நான் கணக்கு டீச்சர். மில்லர்புரத்திலிருந்து சாயர்புரத்துக்குத் தினமும் பஸ். ஒரு வருஷம் பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், "நீங்களும் ஒண்ணு சுட்டுப் பாருங்க டீச்சர்" என்று பயிற்சியாளர் சும்மா சொன்னார். சுட்டேன். நடுவில் போய் உட்கார்ந்தது. ஐம்பது வயதில் பிடித்த கிறுக்கு அது, இன்னும் விடவில்லை. வளையல் வாங்க வைத்திருந்த பணத்தில் ரைஃபிள் வாங்கினேன்.

மூத்தோர் பிரிவில் மாநிலப் போட்டிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு தகுதி மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டால்தான் அடுத்த கட்டம். முதல் வருஷம் மூன்று புள்ளியில் கோட்டைவிட்டேன். அடுத்த வருஷம் ஒன்றரைப் புள்ளி. அன்றைக்கு வந்த ஆத்திரத்தில், நான் பயிற்சி எடுக்கிற கிளப்பில் எல்லாரும் கேட்க, "அடுத்த வருஷமும் தவறிச்சுன்னா இந்த ரைஃபிளை வித்துருவேன், இது சத்தியம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சொன்னால் சொன்னதுதான். எங்கள் அப்பா வழி அப்படி. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுக எடைமேடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். உப்பு லாரி, கரி லாரி, உர லாரி எல்லாம் உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. சரக்குக்கு அடியில் ஆள் படுத்திருந்தாலும் எடையைப் பார்த்தே கண்டுபிடித்து இறக்கிவிடுவாராம். ஓய்வு பெற்ற பிறகு நிறுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஆளே வாடிப்போனார். காலையில் பேப்பர், மத்தியானம் டிவி, சாயங்காலம் பால்காரரோடு அளவுச் சண்டை. அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதை அவரிடம் சொன்னதில்லை, சிடுசிடுவென்றுதான் இருந்தேன்.

இரண்டாவது தடவை தோற்றுவிட்டு வந்து நான் மூன்று நாள் பேசாமல் இருந்தபோது அவர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏளா, இதைப் பாரு. உன் மேல தப்பு இல்ல. குண்டுலதான் தப்பு."

வெளிநாட்டில் மான் வேட்டைக்குப் போகிற ஒருவன் தன் தோட்டாவைத் தானே தயாரிக்கிற வீடியோ அது. வெடிமருந்தை ஒரு சின்னத் தராசில் துளித் துளியாக நிறுத்து ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே அளவு போடுகிறான். அப்போதுதான் முதல் குண்டு போன இடத்துக்கே அடுத்ததும் போகுமாம். என் வீட்டுக்காரர் பெருமாள் கோயில் ஊர்க்காரர், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாதவர். மான் வருகிற இடம் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சத்தம் கேட்டாச்சா? சொல்லு, திருப்புதேன்" என்றார்.

"நம்ம ஊர்ல வெடிமருந்தைத் தொட்டா போலீஸ்தான் வரும்" என்றேன்.

"மருந்து என்னத்துக்கு? உன் ரைஃபிளுக்குள்ள காத்துதானே. குண்டை நிறுப்போம்."

ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி எனக்கும் தெரியும். பயிற்சியாளரும் நாசூக்காகச் சொன்னார், பத்து மீட்டரில் எடை வித்தியாசம் பெரிதாக ஒன்றும் செய்யாது என்று. ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத வெளிச்சத்தைப் பார்த்த பிறகு எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

நகைத் தொழில் சாமான் விற்கிற கடையில் மில்லிகிராம் காட்டுகிற தராசு ஒன்று வாங்கி வந்தார். தினமும் நான் பள்ளி விட்டு வந்து காபி குடித்ததும் சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். ஃபேனை நிறுத்த வேண்டும், காற்று பட்டால் எண் ஆடும். ஜன்னலையும் சாத்த வேண்டும். எங்கள் ஊர் வெக்கையில் அது எப்படி இருக்கும் என்று இங்கே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இடுக்கியால் ஒரு குண்டை எடுத்துத் தராசில் வைப்பார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். கடைசி இலக்கம் நாலா, ஐந்தா, மறுபடி நாலா என்று தத்தளித்து ஒரு இடத்தில் நிற்கும்.

"நின்னுட்டு. எழுது" என்பார். மூச்சை விட்டுவிட்டு எழுதுவேன். அடுத்த குண்டு.

எடை வாரியாகப் பிரித்து வைக்க அவர் கண்டுபிடித்த பாத்திரம் என் இட்லித் தட்டு. ஒரு குழிக்கு ஒரு எடை. முதல் நாள் அதைப் பார்த்ததும் நான் போட்ட சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஈயம் விஷம். அதைத் தொட்டுவிட்டு நாங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம், இவர் இட்லி வேகிற குழியில் கொட்டி வைத்திருக்கிறார். மறுநாள் குண்டுக்கென்றே புதுத் தட்டு ஒன்று வாங்கி வந்து, சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். பழைய தட்டை நான் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். இட்லிக்கு வேறு தட்டு வாங்கும்வரை இரண்டு நாள் வீட்டில் தோசைதான்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. நடுக்குழியில் ஒரே எடையுள்ள குண்டுகள் நூறு சேர்ந்தன. எல்லாம் சரியாக ஐந்நூற்று முப்பத்தொரு மில்லிகிராம். அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போதே மூடி, சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டார்.

"கடல் காத்து பட்டா ஈயம் வெள்ளை பூத்துரும். அங்கன போய்த்தான் பிரிக்கணும், தெரியும்லா? உள்ள ஒரு சாமானும் வச்சிருக்கேன். ஈரம் அண்டாது."

"என்ன சாமான்?"

"அதெல்லாம் நீ கேக்காத."

போட்டி மதுரையில். அவர் வரவில்லை. போன தடவை வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, நான் குறி பார்க்கும்போதெல்லாம் பெருமாள் பெயரை வாய்விட்டுச் சொல்லி, நடுவர் அவரை வெளியே அனுப்பிவிட்டார். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டு வரை வந்து, டப்பாவை என் கையில் கொடுத்து, "போயிட்டு வா. விக்கிற மாதிரி வச்சிராத" என்றார். ரைஃபிளைத்தான் சொன்னார். கண் கலங்கியிருந்தது. "வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க" என்று அதட்டிவிட்டு ஏறினேன்.

மதுரையில் என் இடத்தில் நின்று ரைஃபிளை எடுத்து வைத்து, டேப்பைப் பிரித்தேன். உள்ளே ஒரு துணிப் பொட்டலம் நனைந்து கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தால் கல்லுப்பு.

எங்கள் ஊரில் உப்பு எல்லாவற்றுக்கும் மருந்து. வருஷப் புளியைக் கல்லுப்புப் போட்டுத்தான் பானையில் அமுக்கி வைப்போம், பூச்சி அண்டாது. நார்த்தங்காய், மாவடு, கருவாடு எல்லாவற்றையும் காப்பது உப்புதான். அந்த நம்பிக்கையில் குண்டுக்கும் வைத்திருக்கிறார். அதுவும் வேம்பார் உப்பளத்திலிருந்து அவருடைய சிநேகிதர் அனுப்பிய புது உப்பு, ஈரம் காயாதது. மூடிய டப்பாவுக்குள் அது பத்து நாளும் வியர்த்திருக்கிறது. இரண்டு மாதம் மூச்சைப் பிடித்து நிறுத்த நூறு குண்டும் வெள்ளை பூத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடப்பாவி மனுஷா, சொல்லியிருக்கக் கூடாதா? நான் நம்பி வேறு குண்டு எடுத்து வரவில்லை. பூத்த குண்டைப் போட்டால் குழாய் கெட்டுவிடும். பக்கத்து இடத்தில் நின்ற பெண், யாரென்றே தெரியாது, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் டப்பாவிலிருந்து கைநிறைய அள்ளிக் கொடுத்தாள். கடையில் வாங்கியபடியே இருக்கிற குண்டு. எந்தக் குழியிலும் உட்காராதது.

பழக்கத்துக்குச் சுட்ட முதல் குண்டுகள் கண்ட இடத்துக்குப் போயின. போச்சு, ரைஃபிளை விற்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் குறி பார்க்கிற துளை வழியே பார்க்கும்போது, அந்தக் கறுப்பு வட்டம் நாலா, ஐந்தா, மறுபடி நாலா என்று ஆடியது. எனக்கு அந்த ஆட்டம் தெரியும். மூச்சைப் பிடித்தேன். நின்றது. நின்னுட்டு, எழுது என்று என் காதுக்குள் அவர் குரல். சுட்டேன்.

நாற்பது குண்டும் அப்படித்தான் சுட்டேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டுப் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. கடைசியில் திரையில் மொத்தம் வந்தபோது தகுதி மதிப்பெண்ணுக்கு மேல் இரண்டு புள்ளி இருந்தது. நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

கண்ணைத் துடைத்த பிறகுதான் இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை வந்தது. சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். கிளம்புவதற்கு முன்பே உப்பைக் கொட்டிவிட்டு, பூத்த குண்டுகளைத் துணியால் பளபளவென்று துடைத்து, சுட்டதாகக் கணக்குக் காட்ட ஐம்பத்தெட்டைப் பொறுக்கி அங்கே இருந்த ஈயக்கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டேன். நாற்பதும், பழக்கத்துக்குப் பதினெட்டும். கணக்கு டீச்சரிடமா கணக்கு தப்பும்?

வாசலில் நின்றுகொண்டிருந்தார். போனிலேயே சொல்லிவிட்டதால் தெரு முழுக்க லட்டு போயிருந்தது. "குண்டு எப்படி?" என்று கேட்டார். "நீங்க நிறுத்த குண்டுல்லா. சும்மாவா?" என்றேன். சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் டப்பாவை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார்.

போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை. அதை நான் மறந்துபோனேன். தராசில் ஒவ்வொரு குண்டாக வைத்துக்கொண்டிருந்தார். ஐந்நூற்று முப்பத்திமூன்று. முப்பத்தைந்து. இருபத்தொன்பது. எதுவும் முப்பத்தொன்று இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உப்பு கசிஞ்சிட்டா?"

தலையை ஆட்டினேன்.

"பூத்ததை நீ போட்டிருக்க மாட்ட. யாரு குண்டு குடுத்தா?"

"பக்கத்துல நின்ன பொண்ணு."

"நிறுத்ததா?"

"இல்ல. கடைக் குண்டு."

தராசை அணைத்து வைத்தார். "அப்ப ரெண்டு மாசம் நான் பண்ணுனது சும்மாதான்" என்றார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு நயமாகப் பேச வராது. பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். வட்டம் ஆடியது, மூச்சைப் பிடித்தது, நின்றது, அவர் குரல் கேட்டது எல்லாவற்றையும். "நாப்பது குண்டுக்கும் நீங்கதான் எழுதச் சொன்னீங்க" என்றேன். "போன வருஷம் வரைக்கும் எனக்கு நிறுத்தி மூச்சுவிடத் தெரியாது. இந்த மேசையிலதான் வந்துச்சு. நீங்க இல்லன்னா இன்னைக்கு ரைஃபிள் வித்தாச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், சரக்குக்கு அடியில் ஆள் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் பீரோவைத் திறந்து பிரிக்காத புது டப்பா ஒன்றை எடுத்து வந்து வைத்தார்.

"அப்ப உக்காரு. அடுத்த போட்டி எப்ப?"

நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.