அம்மா சேர்ந்த சீனச் சங்கம்

எங்கள் அலுவலகச் சாப்பாட்டறையில் மதியவேளையில் யாரோ சீனக் கொழுக்கட்டை சூடாக்குகிறார்கள். மைக்ரோவேவ் கதவைத் திறந்ததும் இஞ்சியும் பூண்டுத்தாளும் கலந்த ஆவி நடைபாதை வரைக்கும் வருகிறது. மற்றவர்களுக்கு அந்த மணத்தில் பசி வரும். எனக்குப் பொறாமை வரும். சிரிக்காதீர்கள். கொழுக்கட்டைமேல் ஒருவன் பொறாமைப்பட என்ன நியாயம் என்று கேட்பீர்கள். நியாயம் இருக்கிறதோ இல்லையோ, கதை இருக்கிறது.

ஒஸ்லோவில் ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட, மஞ்சள் வண்ணம் உரிந்த பழைய மரக்கட்டடம் ஒன்று இருந்தது. நகரசபைக்குச் சொந்தமானது. சனிக்கிழமைகளில் மேல்மாடி எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு, கீழ்மாடி சீனர் சங்கத்துக்கு. நான் எங்கள் சங்கத்தின் செயலாளர். அப்போதுதான் படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அப்பாவும் அம்மாவும் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் கை விறைக்க விறைக்க நின்று என்னைப் படிப்பித்தவர்கள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர்கள். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான்தான். அதனால் வந்த வினை இது. “படிச்ச பிள்ளை இருக்கேக்கை நாங்கள் ஏன் மினக்கெடுவான்?” என்று தலைவர் சிவா அண்ணை பேனாவை என் கையில் தந்துவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

நகரசபை மண்டபம் தரவேண்டுமென்றால் சங்கத்துக்கு அங்கத்தவர்கள் வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டிய அங்கத்தவர்கள். எங்கள் ஆட்களோ வள்ளல்கள். ஒலிவாங்கியில் பெயர் சொல்வோமென்றால் அள்ளித் தருவார்கள். சந்தா என்றதும், “தம்பி, நான் எப்பவும் உங்களோடைதானே நிக்கிறன், பிறகென்ன அங்கத்துவம்?” என்று தோளில் தட்டுவார்கள். தட்டியவர்களையெல்லாம் கணக்கில் சேர்க்க முடிந்திருந்தால் ஒஸ்லோவிலேயே பெரிய சங்கம் எங்களுடையதுதான்.

அப்பாவுக்குப் பிறகு அம்மா ஒஸ்லோவில் என்னோடுதான் இருந்தா. அவ கீழே போனதற்குக் காரணமும் எங்கள் கூட்டங்கள்தான். நான் அறிக்கை வாசித்து முடியும்வரை என்னோடு வீட்டுக்குப் போகவென்று மேல்மாடியில் வாங்குப் பலகையில் கோட்டைப் போர்த்துக்கொண்டு காத்திருப்பா. ஒரு சனிக்கிழமை, யாப்பில், அதுதான் சங்க விதிப்புத்தகத்தில், ‘தலைவர்’ என்று போடுவதா ‘தலைவர் அவர்கள்’ என்று போடுவதா என்ற விவாதம் நீண்டுகொண்டே போனது. திரும்பிப் பார்த்தால் வாங்கில் கோட்டு மட்டும் இருக்கிறது. கீழே ஓடினேன். மாவு படிந்த நீள மேசையைச் சுற்றிச் சீனப் பெண்கள், நடுவில் அம்மா. மீன் வெட்டிப் பழகிய விரல்கள் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தன.

“மணம் வந்தது, எட்டிப் பாத்தனான். இருக்கச் சொல்லிப்போட்டினம்,” என்றா. “இது எங்கட கொழுக்கட்டைதானேடா. இனிப்புத்தான் இல்லை.”

அடுத்த மாதமே சந்தா கட்டி அங்கத்தவராகிவிட்டா. எங்கள் சங்கத்தில் கட்டவில்லை. “உன்ரை சங்கம்தானே, நான் ஏன் கட்டோணும்?” என்றா. தோளில் தட்டாததுதான் குறை.

எனக்கு மெல்லிய காய்ச்சல்போல ஒன்று அன்று பிடித்தது. எத்தனை வருடம் அம்மாவுக்கு நோர்வேஜிய மொழி சொல்லிக்கொடுத்திருப்பேன்! என்னிடம் வாயே திறக்காதவ, கீழ்மாடியில் இலக்கணத்தைக் காற்றில் விட்டுவிட்டு அதே மொழியில் பகிடி விடுகிறா. அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தப் பகிடி என்னவென்று கேட்டேன். “உனக்கு விளங்காது,” என்றா. பட்டதாரிக்கு விளங்காதாம்!

அங்கே லின் அன்ரி என்றொருவர். ஓய்வுபெற்ற தாதி. ஒவ்வொரு சனிக்கிழமையும் மூலையில் ஒரு கதிரையில் இருந்து அங்கத்தவர்களுக்குத் தொலைபேசி எடுப்பார். சந்தாவைப்பற்றி மூச்சும் விடமாட்டார். போன கிழமை காணவில்லையே, முழங்கால் எப்படி, வர வாகனம் இருக்கிறதா, இவ்வளவுதான். அடுத்த கிழமை அந்த ஆள் வந்து நிற்பார். ஒருநாள் அம்மாவுக்குத் தடிமன் வந்து மூக்கடைத்தபோதும் அழைப்பு வந்தது. நான் அதே வீட்டில் பக்கத்து அறையில் கணினிக்கு முன்னால் இருந்தேன். தடிமன் என்பதே அந்த அழைப்பால்தான் எனக்குத் தெரியும்.

இந்த வித்தையை நானும் பார்ப்போமென்று எங்கள் ஆள் ஒருவருக்கு எடுத்தேன்.

“மாமா, சுகமாயிருக்கிறீங்களோ?”

“ஓம். எவ்வளவு வேணும், சொல்லு.”

அடுத்த வருடம் எங்கள் பொங்கல் விழாவும் அவர்களுடைய புத்தாண்டும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்தன. அந்த விழாவில் போதிய பேரைச் சேர்க்காவிட்டால் மேல்மாடி இனி எங்களுக்கில்லை என்று நகரசபை சொல்லியிருந்தது. அம்மாவின் பொங்கலுக்கென்றே சனம் வரும். அம்மா பொங்குவா என்று சிவா அண்ணைக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், அம்மாவைக் கேட்காமலே.

“அண்டைக்கு அங்கை எனக்கு முறை, தம்பி.”

“அம்மா, எங்கட பொங்கல்!”

“நான் வராட்டி உங்களுக்கு வேறை ஆரும் பொங்குவினம். அங்கை என்ரை இடத்திலை ஆரும் நிக்கமாட்டினம்.”

“நீங்கள் என்ன சீனத்தியோ?”

“அவை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை. நீதான் கேக்கிறாய்.”

கடையில் சொல்லிப் பொங்கல் எடுப்பித்தோம். வாசலருகே மேசை போட்டு, கோட் சூட்டோடு அங்கத்தவர் சேர்க்க உட்கார்ந்தேன். எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், “அம்மா எங்கை? பொங்கல் தண்ணியாப் போச்சு,” என்றார்கள். சிலர் சேர்ந்தார்கள், பலர் என் தோளைத் தட்டினார்கள். கீழேயிருந்து வந்த மேள அதிர்வில் என் மேசையிலிருந்த பேனா உருண்டுகொண்டே இருந்தது. விழா முடிந்து பார்த்தால் கதிரைகள் தாறுமாறாய்க் கிடக்கின்றன, மிஞ்சியது நானும் சிவா அண்ணையும்தான். அவருக்கும் நாரிப்பிடிப்பு, குனிய முடியாது.

எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு அம்மாவைக் கூட்டிப்போகக் கீழே இறங்கினேன். அங்கே ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அவர்களுடைய சங்கத் தலைவர் பல் வைத்தியர். சட்டைக் கையை மடித்துத் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அவரை ஏவிக்கொண்டிருந்தா. நோர்வேக்காரர் டுக்நாட் என்பார்களே, சம்பளமில்லாமல் கூடிச் செய்யும் வேலை, அது எங்களுக்குச் சுற்றறிக்கையில் எழுதும் சொல். இங்கே அதைப் பாட்டுப் பாடிக்கொண்டு செய்கிறார்கள். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. சுவரில் சாய்த்திருந்த தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினேன்.

லின் அன்ரி வந்து அதை மெதுவாகக் கையிலிருந்து வாங்கினார். “நீ அங்கத்தவரா?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

“இல்லை.”

“அப்ப விருந்தாளி. விருந்தாளி கூட்டக்கூடாது. இரு, தேத்தண்ணி தாறன்.”

பகிடி இல்லை, அவர்களிடம் அது உண்மையான வழக்கம். கொழுக்கட்டை மடிக்க யாரும் உட்காரலாம், ஆனால் கூட்டவும் கழுவவும் சந்தா கட்டியவருக்குத்தான் அங்கே உரிமை. எங்களிடம் காசு கொடுப்பதே வேலையிலிருந்து தப்பத்தான். கோட் சூட்டோடு, மல்லிகைத் தேநீரோடு நடு மண்டபத்தில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் ஓடியாடினார்கள். அம்மா தும்புத்தடியோடு கிட்ட வந்தா.

“காலைத் தூக்கடா.”

தூக்கினேன். கீழே கூட்டிவிட்டுப் போய்விட்டா, வேறு யாருடைய பிள்ளையோ உட்கார்ந்திருப்பதுபோல. கையிலிருந்த தேநீர் நல்ல சுவை. அதுவும் ஆத்திரமாக இருந்தது.

அடுத்த செயற்குழுவில் அதே வழக்கத்தை எங்களிடமும் கொண்டுவர வேண்டுமென்று முன்மொழிந்தேன். “காசையும் குடுத்து முதுகையும் முறிக்கிறதோ? உனக்கு என்னடா நடந்தது?” என்று சிவா அண்ணை இருமும்வரை சிரித்தார். மேல்மாடி கைவிட்டுப் போனது. பிறகு அந்தக் கட்டடத்தையே இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கீழ்மாடிக்காரர் வேறிடத்தில் ஒரு மண்டபம் பிடித்து, மேசைகளைத் தாங்களே சுமந்துகொண்டு போனார்கள். அம்மாவும் ஒரு முனை பிடித்தா. நானும் அங்கே சேரலாம்தான். சந்தா ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அங்கே நான் ‘கமலாவின் மகன்’. செயலாளராக இருந்தவனுக்கு அது கொஞ்சம் கஷ்டம்.

எங்கள் சங்கத்தைக் கலைத்தபோது யாப்புப்படி உடைமைகளை இன்னொரு சங்கத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விதியை எழுதியவன் நானேதான். உடைமை என்று இருந்தது ஒரு கிடாரம். முந்திய தைப்பொங்கல்களில் தீயணைப்புக்காரர் வந்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து, வாசல் பனிக்குள் கல்லு வைத்து, ஈரமான பேர்ச் மர விறகு புகைய அம்மா பொங்கிய கிடாரம். வருடாவருடம் படிந்த கரி அடியில் பொருக்காய் ஏறியிருந்தது. “சீனருக்கே குடு. சமைக்கிற எங்கட ஆளும் அங்கைதானே,” என்றார் சிவா அண்ணை. அம்மா அதை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனா.

போன மாதம், அதில் இப்போது என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எலும்பு சூப். நல்ல கிடாரம், தம்பி. அடிக் கரிதான் லேசிலை போகேல்லை. நானும் லின்னும் இருந்து தேய் தேயெண்டு தேய்ச்சனாங்கள். இப்ப ஒரு பொட்டுக் கரி இல்லை, முகம் பாக்கலாம். ஒருக்கா வந்து பாரன்.”