பின்பக்கம் பிடித்தவர்

கண்ணாடிக்கடைக்காரரோடு அவர் மகள் பேச்சை நிறுத்தி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. கத்திக் கூச்சல் போட்டு, கதவை அறைந்து நிறுத்தியிருந்தால் சமாதானத்துக்கு ஒரு வழியாவது இருந்திருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள். கடைச்சாவியைக் கேட்டால் எடுத்து மேசைமேல் வைத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. இருவருக்கும் நடுவில் தூது போய்ப் போய் அவர் மனைவிக்குச் சலித்துவிட்டது. "நான் என்ன இந்த வீட்டுத் தபால்காரியா?" என்று ஒருநாள் கேட்டவள், அதற்குப் பிறகு பாதிச் செய்தியை வழியிலேயே விழுங்கிவிடத் தொடங்கினாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் கண்ணாடிக்கடைக்காரருடைய தாத்தா. அவர் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பேரன் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். ஆனால் அத்தை வீட்டுக் கூடத்தில் பட்டாளத்து உடுப்போடு படமாக நின்றுகொண்டிருந்தார். கண்ணை இடுக்கி, நெற்றியைச் சுருக்கி, எதிரே நிற்பவனைப் பொசுக்கிவிடுவது போன்ற பார்வை. 'அந்தப் பார்வையப் பார்த்தே எதிரிங்க துப்பாக்கியக் கீழ போட்டுட்டாங்க' என்பது அத்தையின் கதை. முதலில் மூன்று பேர் போட்டார்கள். அத்தைக்கு வயது ஏற ஏற எதிரிகளும் கூடிக்கொண்டே வந்து, இப்போது ஒரு கும்பலே போட்டுவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் இதைக் காதில் வாங்காமலேயே வளர்ந்தார். அவர் மகளோ ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூட நாளிலேயே பட்டாளம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஓடினாள், கயிறு ஏறினாள், பையில் கல்லை நிரப்பித் தூக்கிக்கொண்டு நடந்தாள். எல்லாம் இருந்தது, பார்வைதான் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டால், எதிரே வருகிற பேருந்தின் எண்கூட அவளுக்குத் தெரியாது.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்குச் சில நாள் முன்பு அவள் கடைக்கு வந்தாள். கண் சோதனை அறையில், நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் காட்டி, "அங்கேயும் இந்த மாதிரி அட்டைதானேப்பா இருக்கும்? என்னென்ன மாதிரி வரும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் குடுங்க, மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்றாள்.

"அது ஏமாத்து வேலைம்மா."

"ஒரே ஒரு தடவைப்பா."

"என் கடைக்குன்னு ஒரு பேரு இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

அவள் அதற்குமேல் கெஞ்சவில்லை. தேர்வுக்குப் போனாள், ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அட்டை முன்னால் நின்று, மூன்றாவது வரியைத் தாண்ட முடியாமல் தோற்றாள். அன்றைக்கு வாயை மூடியவள்தான். கண்ணாடிக்கடைக்காரர் தான் செய்தது நியாயம் என்றுதான் நினைத்தார். ஆனால் மகளுடைய தலையெழுத்தைப் பற்றிப் பேசும்போது கடையின் பெயரை எதற்கு இழுத்தோம் என்பது மட்டும் அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அத்தை வீட்டில் வெள்ளையடித்தபோது, படத்தைக் கழற்றித் துடைக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. ஈரத்துணியால் சட்டத்தைத் துடைத்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முகத்துக்கு நேராகப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தினமும் கடைக்கு வந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "எனக்கெல்லாம் நல்லாத்தான் தெரியுது, வீட்டுலதான் போய்க் காட்டுன்னு சொன்னாங்க" என்கிறவர்களின் முகம் அது. தூரத்தில் இருப்பது தெரியாதவர்கள் இமையை இடுக்கித்தான் பார்ப்பார்கள், கொஞ்சம் தெளியும். தாத்தா யாரையும் முறைக்கவில்லை. படமெடுப்பவன் எங்கே நிற்கிறான் என்று தேடியிருக்கிறார். அரை ஆயுளைக் கண் பார்த்தே கழித்தவருக்கு, சொந்தத் தாத்தாவின் கண் மட்டும் இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை.

"அத்தே, தாத்தா பேப்பர் எப்படிப் படிப்பாரு?"

"மூக்குல ஒட்டிக்கிட்டுத்தான். அச்சு வாசனை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கிட்டப்பார்வைக்காரரைப் பட்டாளத்தில் எப்படி எடுத்தார்கள்? எடுத்து அங்கே என்னதான் செய்ய வைத்தார்கள்? துருவித் துருவிக் கேட்டதில் அத்தைக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான். தாத்தா வருஷம் தவறாமல், தூரத்து ஊர் ஒன்றில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஒற்றைக்கால் மனிதரைப் பார்க்கப் போவார். சின்ன வயதில் அத்தையையும் ஒருமுறை கூட்டிப்போயிருந்தார். "அவருதான் தாத்தாவோட தளபதி. காலையே நாட்டுக்குக் குடுத்தவரு" என்றாள் அத்தை. தளபதி எதற்காக ரொட்டி சுட்டார் என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை.

அடுத்த விடுமுறை நாளில் பேருந்து ஏறினார். ரொட்டிக்கடை இருந்தது. கல்லாவில், தலையெல்லாம் நரைத்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார், ஒற்றைக்கால்காரரின் மகள். வந்தவர் யாருடைய பேரன் என்று தெரிந்ததும் அவரை உள்ளே அழைத்துப்போய், மாவு பிசையும் மேசைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டார்.

"உங்க தாத்தாவ நான் பெரியப்பான்னுதான் கூப்பிடுவேன். அப்படிப் பார்த்தா உனக்கு நான் அத்தை" என்று சொல்லி, அந்த வாக்கியத்திலேயே 'ங்க'வையும் விட்டுவிட்டார். ஏற்கெனவே இருக்கிற ஓர் அத்தையைச் சமாளிக்கவே திணறிக்கொண்டிருந்த கண்ணாடிக்கடைக்காரர் பணிவாகத் தலையாட்டினார்.

"தாத்தாவுக்குக் கண்ணு..." என்று இழுத்தார்.

"சுத்தமா தெரியாது" என்று அந்த அத்தை சிரித்தார். "பட்டாளத்துக்கு ஆள் எடுத்தப்போ வரிசையில எங்கப்பாவுக்கு அடுத்து நின்னவரு அவருதான். எங்கப்பா அட்டையில வாசிச்சத அப்படியே காதுல வாங்கிட்டுப் போய் ஒப்பிச்சிட்டாரு. எங்கப்பா ஒரு எழுத்தத் தப்பா வாசிச்சாரு. இவரும் அதே எழுத்த அதே மாதிரித் தப்பா வாசிச்சாரு. டாக்டர் தூக்கக் கலக்கத்துல ரெண்டு பேரையும் உள்ள போகச் சொல்லிட்டாராம். வெளிய வந்து எங்கப்பா கேட்டாரு, 'ஏன்யா, என் தப்பையுமா திருடணும்?'னு. அதுலேருந்துதான் சிநேகிதம்."

கண்ணாடிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. மகளுடைய முகம்தான் முன்னால் வந்து நின்றது.

தாத்தா ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லையாம். துப்பாக்கியைக் கையில் கொடுத்த முதல் நாளே வண்டவாளம் வெளியாகிவிட்டது. ஆள் பற்றாக்குறை, திருப்பி அனுப்ப மனமில்லை. அடிபட்டவர்களைத் தூக்கும் வேலையில் போட்டார்கள். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் சிநேகிதர், பின்பக்கம் தாத்தா. முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்தால் போதும். படுத்திருப்பவனின் தலை பின்பக்கம்தான் இருக்கும் என்பதால் தாத்தாவுக்குத் தெரிய வேண்டியது அந்த முகம் ஒன்றுதான். அவ்வளவு கிட்டத்தில் அவருக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது. போகிற வழியெல்லாம் அந்த முகத்தோடு பேசிக்கொண்டே நடப்பாராம். ஊரைக் கேட்பாராம், அம்மா பேரைக் கேட்பாராம், கண்ணை மூட விடமாட்டாராம்.

"அப்புறம் உங்கப்பாவோட கால்..."

அந்த அத்தை கையிலிருந்த மாவைத் தட்டினார். "ஒருநாள் எங்கப்பாவுக்குத் தோள்ல அடி. வழியெல்லாம் இறக்கம், பாரம் பூரா முன்பக்கம்தான் சாயும், அவரால தாங்க முடியல. 'இன்னைக்கு நீ முன்னாடி பிடி, நான் பின்னாடியிலேருந்து வழி சொல்றேன்'னு எங்கப்பாதான் கேட்டாரு. நல்ல மழை. எங்கப்பா வழி சொன்னது உங்க தாத்தா காதுல விழல. வழி திரும்புற எடத்துல அடையாளத்துக்கு வெள்ளைத்துணி கட்டியிருந்தாங்க. அதுவும் அவர் கண்ணுக்குத் தெரியல. நேரா வெட்டவெளிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. எங்கப்பா முழங்கால்ல குண்டு பாஞ்சிருச்சு."

"உங்கப்பா அவர் மேல கோவப்படலையா?"

"கண்ணு தெரியாதவன் வழி தப்பினதாலதான் கால் போச்சுன்னு எங்கப்பா யார்கிட்டயும் சொல்லல. அது எனக்குத் தெரியும். கோவம் இருந்துச்சா இல்லையான்னு தெரியாது. பெரியப்பா வருஷா வருஷம் வருவாரு. இந்த மேசையில நின்னு, குனிஞ்சு குனிஞ்சு மாவு பிசைஞ்சு குடுப்பாரு. ரெண்டு பேரும் அதிகமா பேசிக்க மாட்டாங்க."

திரும்பி வரும்போது பேருந்தில் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. வீட்டில் எதைச் சொல்வது என்பதுதான் கணக்கு. முதல் பாதியை மட்டும் சொன்னால் மகள் பேசிவிடுவாள். 'நீ கேட்டதைத்தான் தாத்தாவும் செஞ்சாரும்மா, அப்பாதான் தடுத்துட்டேன்' என்றால் அழுதாவது, திட்டியாவது பேசிவிடுவாள். இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் அவர் ஜெயித்துவிடுவார். 'பார்த்தியா, இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன்' என்று நெஞ்சை நிமிர்த்தலாம். இரண்டுமே கையெட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு பக்கம் மகளின் குரல் வேண்டும் என்று தவித்தது. இன்னொரு பக்கம், இத்தனை மாதம் குற்றவாளியாகச் சாப்பிட உட்கார்ந்தவருக்கு நியாயமும் வேண்டியிருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோதும் முடிவு வரவில்லை.

மகள் கடையில் தனியாக இருந்தாள். புதிதாக வந்த கண்ணாடிச் சட்டங்களைத் துணியால் துடைத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாடிக்கையாளர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தாத்தா கதை ஒண்ணு கேட்டுட்டு வந்தேன்" என்று தொடங்கினார். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. வரிசை, திருடிய எழுத்து, ஸ்ட்ரெச்சர், மழை, முழங்கால், மாவு மேசை, எல்லாம் அந்த வரிசையிலேயே வந்துவிட்டன. எதையும் ஒளிக்க அவருக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

மகள் துடைப்பதை நிறுத்தியிருந்தாள். கையில் ஒரு கண்ணாடிச் சட்டம் அப்படியே இருந்தது.

"நானும் பின்னாடியே பிடிச்சிருப்பேன்ப்பா" என்றாள்.

நாலைந்து மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. எதிரியைப் பொசுக்கும் வீரப் பார்வைக்கு அவள் ஆசைப்பட்டிருக்கவில்லை. அங்கே போய் என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்று அவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

"முன்னாடி வான்னு யார் கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன். என் கண்ணு எனக்குத் தெரியும்ல? பின்னாடி நிக்கிறதுக்கு எதுக்குப்பா கடைசி வரி வரைக்கும் வாசிக்கணும்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பேச்சு திரும்பிவிட்டது, மறுபடி எதற்குக் கெடுக்க வேண்டும்? ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தோள்ல அடிபட்டு, தூக்க முடியாம உன் சிநேகிதி நிக்கிறா. ஸ்ட்ரெச்சர்ல ஒரு உசிரு கெடக்கு. 'இன்னைக்கு மட்டும் நீ முன்னாடி பிடி'ன்னு கேக்குறா. மாட்டேன்னு சொல்லுவியாம்மா?"

மகள் அவரை நேராகப் பார்த்தாள். கையிலிருந்த சட்டத்தை மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

"போயிருப்பேன்" என்றாள்.

அதைச் சொன்ன பிறகுதான், தோற்று வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அழுதாள். அழாதே என்று அவர் சொல்லவில்லை. நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.